தீப்பெட்டி இரயிலும் தலையாட்டிப் பொம்மையும்

தோழர்களே!

பம்பரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, விலைச்சீட்டும் ஒட்டிவிட்டார்கள்! நகரத்துக் கடைவீதியிலே, குளிரூட்டிய கடையிலே, 'பழைய நினைவுகள்' என்று பலகை மாட்டி, பம்பரமும் கோலியும், ஓலைக் கிலுகிலுப்பையும் சொப்புச் சாமானும் அணிவகுத்து நிற்கின்றன. காரிலே வந்து இறங்குகிறார் கனவான் ஒருவர். பம்பரத்தை எடுத்துப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், "ஆகா, அந்தக் காலம் போயிற்றே!" என்கிறார். பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பம்பரத்தையும் பெருமூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்.

போகட்டும். அவர் வாங்குவதிலே நமக்கு வருத்தமில்லை. வாங்கினால் எங்கோ ஒரு கடைசல் பட்டறைக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் 'அந்தக் காலம்' என்கிறாரே, அது எவருடைய காலம்? அந்தக் காலத்திலே விளையாடியவன் யார்? விளையாட்டுச் சாமானைச் செய்தவன் யார்? செய்த கையோடு ஏக்கத்தோடு பார்த்துவிட்டு நகர்ந்தவன் யார்? தேநீர் ஆறுவதற்குள் இதைப் பேசிவிடலாம், வாருங்கள்.

நெசவாலையில் பணிபுரியும் மூத்த தோழர் ஒருவரிடம் கேட்டேன்: "ஏண்ணே, சின்ன வயசிலே என்ன பொம்மை வெச்சிருந்தீங்க?" சிரித்தார். "பொம்மையா தம்பி? அம்மா களையெடுக்கப் போயிரும். என் தங்கச்சியைத்தான் இடுப்பிலே வெச்சிருந்தேன்!" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காசு கேட்காத பொம்மைகள்

பொம்மைக்கென்று பணம் ஒதுக்கிய குடும்பம் நம்மிலே எத்தனை? அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, வட்டிக்காரனுக்கு, வைத்தியனுக்கு என்று பங்கு போட்ட பிறகு மீதி நிற்பது பூச்சியம். ஆனால் குழந்தைக்குப் பட்ஜெட் தெரியுமா? ஊரார் எறிந்ததை எல்லாம் அது பொறுக்கி எடுத்தது. எறிந்ததிலிருந்து ஓர் உலகத்தையே செய்து காட்டியது!

நுங்கு தோண்டித் தின்ற பனங்காய் இரண்டு. நடுவிலே ஒரு குச்சி. தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கோல். புறப்பட்டுவிட்டது வண்டி! பனையோலைக் கீற்று இரண்டு, கருவேல முள் ஒன்று: காற்றாடி. பூவரச இலையைச் சுருட்டி நுனியை நசுக்கினால் ஊதல். சோடா மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, இரண்டு துளையிட்டு, நூல் கோத்து முறுக்கி இழுத்தால் விர்ரென்று சுழலும் சக்கரம். கழித்துப் போட்ட சைக்கிள் டயர் ஒன்று கிடைத்துவிட்டாலோ, தெருவிலே அவன்தான் மோட்டார் முதலாளி!

வெற்றுத் தீப்பெட்டி இரண்டை நூலால் இணைத்தால் தொலைபேசி. நூல் தொய்ந்தால் பேச்சு போகாது. இழுத்துப் பிடித்தால்தான் போகும். ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்பதை வாத்தியார் சொல்லித் தருவதற்கு முன்பே அந்தத் தீப்பெட்டி சொல்லிக் கொடுத்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மகுடம், பல்பு சினிமா! பியூஸ் போன பல்பைக் கவனமாகத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவோம். சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய பிலிம் துண்டு ஒன்று. வாசலிலே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து இருட்டறைக்குள் அனுப்புவான். உள்ளே இருப்பவன் பிலிமைத் தலைகீழாகப் பிடிப்பான். அப்போதுதான் சுவரிலே நாயகன் நேராக நிற்பான். தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குமிழ் ஒளியை மடக்கிப் பிம்பத்தைக் கவிழ்த்துக் காட்டும் என்ற அறிவியலைச் சேரிப் பிள்ளை தன் கையாலே கண்டுபிடித்தான். அவனைத்தான், பிறகு வகுப்பிலே, "உனக்குப் படிப்பு ஏறாது" என்று கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பினார்கள்!

தச்சன் மகன் விரும்பிய தேர்

இது இன்று நேற்றுக் கதையா? தமிழன் தன் குழந்தையின் விளையாட்டை இலக்கியத்திலே எழுதி வைத்தவன். பிள்ளைத்தமிழ் பாட வந்த புலவர்கள், குழந்தையின் வளர்ச்சியை விளையாட்டைக் கொண்டே அளந்தார்கள். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பால் பிள்ளைத்தமிழில் பருவங்களுக்கே விளையாட்டின் பெயர். பெண்பாலில் அம்மானை, ஊசல்.

வைகைக் கரையிலே கீழடியில் 2015-ஆம் ஆண்டு முதல் மண்ணைத் தோண்டினார்கள். என்ன கிடைத்தது? மற்றவற்றோடு பகடைக்காய்களும் கிடைத்தன. உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் கிடைத்தன. பானை உடைந்தது தாய்க்கு நட்டம், பிள்ளைக்கோ சில்லு! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் எறிந்ததைப் பொறுக்கித்தான் விளையாடியிருக்கிறார்கள்.

பத்துப்பாட்டிலே இரண்டு பாட்டுகளைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையிலே ஒரு காட்சி: காவிரிப்பூம்பட்டினத்து மாளிகை முற்றத்தில் காயும் உணவைக் கொத்த வந்த கோழியின்மீது, காதிலிருந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறாள் ஒரு பெண். அந்தக் குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. செல்வத்தின் சிறப்பு என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். சரி, சிறப்புத்தான்!

அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு தேரைக் காட்டுகிறார். வளமான உழவர் வீட்டுப் புதல்வர் நடை பழகி உருட்டும் தேர். களைத்தால் செவிலி பால் கொடுப்பாள், படுக்கை காத்திருக்கும். அந்தத் தேரைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறார்: தச்சர் வீட்டுச் சிறுவர்களும் விரும்பும்படியாகச் செய்யப்பட்டதாம் அது!

தோழர்களே, அந்த இடத்திலே சற்று நில்லுங்கள். செய்தது தச்சனின் உளி. உருட்டியது செல்வர் வீட்டுச் சிறுகை. தச்சனின் மகனுக்கு மிஞ்சியது விருப்பம்! புலவர் தேரின் அழகைச் சொல்லத்தான் அப்படிப் பாடினார். ஆனால் அறிந்தோ அறியாமலோ, பொம்மையின் வரலாறு முழுவதையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

நிமிரும் பொம்மை, நிமிராத வாழ்வு

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பாருங்கள். அடிப்பாகம் உருண்டை, கனமெல்லாம் அங்கே. மேற்பாகம் இலேசு. இடப்பக்கம் தள்ளினாலும், வலப்பக்கம் தள்ளினாலும், சாய்ந்து ஆடிவிட்டு மீண்டும் நிமிர்ந்து நிற்கும். கனம் அடியிலே இருப்பதால் அதை வீழ்த்த முடியாது. சமுதாயத்துக்கும் அதுதான் விதி என்று மேடையிலே சொன்னால் கை தட்டுவீர்கள். ஆனால் பொம்மை நிமிர்கிறதே, அதைச் செய்தவர் நிமிர்ந்தாரா?

2008-09-இல் அந்தப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! வேறு ஊர்ச் சரக்கைத் 'தஞ்சாவூர்ப் பொம்மை' என்று விற்க முடியாதபடி பெயருக்கு வேலி போட்டாயிற்று. பெயருக்கு வேலி வந்ததே தவிர, வயிற்றுக்குச் சோறு அதனாலேயே வந்துவிடாது.

பிறகு டில்லியிலிருந்து ஆணைகள் வந்தன. 2020-ஆம் ஆண்டு இறக்குமதிப் பொம்மைகளின் சுங்கவரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கினார்கள். 2023-இல் அதை 70 ஆக்கினார்கள். 2021 சனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயம் என்றார்கள். குழந்தை வாயிலே வைக்கும் பொம்மையில் நச்சுச் சாயம் கூடாது என்பது நியாயம். ஆனால் சோதனைக் கூடம் வைக்கப் பெரிய ஆலை முதலாளியால் முடியும்; திண்ணையிலே உட்கார்ந்து வண்ணம் பூசும் கைவினைஞர் எங்கே போவார்? அந்தக் குரல் எழுந்த பிறகு ஒரு விலக்கு கொடுத்தார்கள்: கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞருக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளின் உரிமையாளருக்கும் அதைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றவருக்கும் அந்த முத்திரை வேண்டியதில்லை.

கவனியுங்கள், 'பதிவு செய்துகொண்டவருக்கு'! பதிவு செய்யாத கடைசல்காரர்? ஓலைக் கிலுகிலுப்பை முடையும் பாட்டி? திருவிழாவிலே மரச்சொப்பு விற்பவர்? அவர்கள் விலக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

சன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

பொம்மையை அடுத்துப் படக்கதை. 1960-ஆம் ஆண்டு 'தினத்தந்தி'யில் தொடங்கியது கன்னித்தீவு. சிந்துபாத்தும் லைலாவும் மந்திரவாதி மூசாவும் நாளுக்குச் சில கட்டங்களாக நகர்ந்தார்கள். முடியாத வேலையைக் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் அளவுக்கு அது ஊர்ப் பேச்சாயிற்று. அதை ஏளனமாகப் பார்த்த மேதாவிகள் உண்டு. ஆனால் தேநீர்க் கடைப் பலகையிலே, முடிதிருத்தகத்திலே, படத்தைப் பார்த்து, கீழே இருக்கும் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்தறிவு பெற்ற பாட்டாளிகளை நான் அறிவேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்க்கு அந்தக் கட்டங்களே பாடப் புத்தகம்.

1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இங்கிலாந்திலே பிறந்த இரும்புக்கை மாயாவி தமிழ் பேசினான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும்! 1984-இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. ஒருவன் வாங்கினால் ஒன்பது பேர் படிப்போம். 1947 முதல் வந்த அம்புலிமாமா, அட்டை கிழிந்து, மூலை மடிந்து, வீடு வீடாகச் சுற்றியது. 2013-இல் அதுவும் நின்றுபோயிற்று.

பிறகு வந்தது தொலைக்காட்சிப் பெட்டி. தொண்ணூறுகளிலே அரைக்கால் சட்டை போட்டவர்கள் நாங்கள். 1993-ஆம் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே, தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' வந்தது. கதை, ஆங்கிலேயரான கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட புத்தகம்; படம், 1989-இல் ஜப்பானிலே வரையப்பட்டது; பேச்சு, இந்தி; பார்த்தவன், தமிழ்நாட்டுத் தெருப் பையன்! ஒரு சொல் புரியாது. ஆனாலும் மோக்லி அழுதால் அவனும் அழுவான்; ஷேர்கான் வந்தால் சன்னல் கம்பியை இறுக்கிப் பிடிப்பான். சித்திரத்துக்கு மொழி தேவைப்படவில்லை. அதைக் கொண்டு, குழந்தைக்கே தாய்மொழி தேவையில்லை என்று டில்லி முடிவு கட்டிக்கொண்டதுதான் அநியாயம்!

'சன்னல் கம்பி' என்றேன். ஆம், நாங்கள் பார்த்தது சன்னல் வழியாகத்தான். தெருவுக்கு ஒரு வீட்டிலே பெட்டி. சிலருக்கு உள்ளே பாய், சிலருக்கு வாசற்படி, இன்னும் சிலருக்குச் சன்னலுக்கு வெளியே வெயில். யார் எங்கே என்பதை வயது தீர்மானிக்கவில்லை, தோழர்களே; எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதே தீர்மானித்தது! எங்கள் பக்கத்து வீடொன்றில் தலைக்கு ஐம்பது காசு வாங்கினார்கள். காசில்லாதவன் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றான்.

2006-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சி தரத் தொடங்கியபோது, "இலவசம்! ஊதாரித்தனம்!" என்று எழுதினார்கள் சிலர். எழுதியவர்கள் யாரும் சன்னலுக்கு வெளியே நின்றவர்களல்ல. மறு ஆண்டு, 2007-இல், சுட்டி டி.வி. வந்தது. டோரா தமிழ் பேசினாள். குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயர் வந்தது. குள்ளநரி நம் ஊர் நரியாயிற்று. ஜாக்கி சானின் மாமா, நம் வீட்டுக் கோபக்காரத் தாத்தாவாகப் பேசினார். அமெரிக்கப் பொம்மைகளுக்குத் தமிழ் உயிர் கொடுத்தவர்கள், சென்னைக் குரல் கூடங்களில் வேலை செய்த பின்னணிக் குரல் தொழிலாளர்கள். அந்தக் குரல் இன்றும் நம் காதிலே இருக்கிறது. அவர்கள் பெயரோ நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு பிள்ளையின் இரயில், இன்னொரு பிள்ளையின் கூலி

இனி, கனவானின் பெருமூச்சிலே இடம்பெறாத கதைக்கு வருகிறேன்.

தீப்பெட்டியில் இரயில் செய்தோம். தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். இரண்டு மயில் கொடுத்தால் ஒரு சிங்கம் என்று பண்டமாற்றுச் செய்தோம். சரி, அந்தத் தீப்பெட்டியை ஒட்டியது யார்?

சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் எங்கள் வயதுப் பிள்ளைகள் ஒட்டினார்கள்! விடியுமுன் எழுப்பி வண்டியேற்றப்பட்ட பிள்ளைகள். குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்கள். பசைச் சட்டியின் பக்கத்திலே கழிந்த குழந்தைப் பருவம். 144 பெட்டி கொண்டது ஒரு குரோஸ். நாள் முழுவதும் குரோஸ் கணக்கு. எங்களுக்கு அது இரயில் பெட்டி. அவர்களுக்கு அது அன்றைய சோறு. 1990-ஆம் ஆண்டு 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளை நாட்டுக்குக் காட்டியது.

1986-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயது நிறையாத பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு என்று ஒரு சந்து விட்டது. ஆலை வாசல் மூடியது. வேலை வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தது! 1996 டிசம்பர் 10-ஆம் நாள், சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு வேலை கொடுக்க அரசு முயல வேண்டும். நீதிமன்றத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: தகப்பனுக்குக் கூலி இல்லாவிட்டால் மகனுக்குப் பம்பரம் இல்லை!

2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, எந்தத் தொழிலிலும் 14 வயதுக்குட்பட்டவரை வைக்கக் கூடாது என்றாயிற்று. ஆயினும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை 'உதவலாம்' என்ற சந்து இன்னும் திறந்தே இருக்கிறது. உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று திண்ணையிலே கோடு கிழிப்பது யார்?

ஆகையால் தோழர்களே, மறந்துபோன பொம்மைகளை நினைக்கும்போது, பொம்மையே கிடைக்காத பிள்ளைகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். பாதியை மட்டும் நினைத்தால் அது கனவானின் பெருமூச்சு. முழுவதையும் நினைத்தால்தான் அது நமக்குப் பயன்படும்.

மாலை நேரம் யாருடையது?

இன்றைய பிள்ளையின் கையிலே கைப்பேசி. "கெட்டுப் போகிறான்" என்று தாயைத் திட்டுகிறோம். ஒரு கையால் சோறாக்கி, மறு கையால் பீடி சுருட்டும் தாய், பிள்ளையை எதைக் கொடுத்து அமர்த்துவாள்? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நல்ல அறிவுரை! ஆனால் அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க, வீட்டிலே ஒருவருக்காவது ஓய்வு வேண்டும்.

1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், சென்னையில் சிங்காரவேலர் உழைப்பாளர் நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது உடம்பு களைக்காமலிருக்க மட்டுமா? வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி, பிள்ளையை உட்கார வைத்து, ஓலையிலே ஒரு காற்றாடி செய்து கொடுக்கவும்தான்! கூலி உயர்வுக்காகப் போராடும்போது அந்தக் காற்றாடிக்காகவும் போராடுகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

நம் கையால் ஆகக்கூடிய மூன்று வேலைகளைச் சொல்கிறேன். உங்கள் ஊரிலே பொம்மை செய்யும் கைவினைஞர் இருந்தால், கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தெருமுனைப் படிப்பகத்திலே நாளேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள்: பத்துப் பம்பரம், கொஞ்சம் கோலி, பழைய படக்கதைப் புத்தகங்கள், எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் உள்ளே உட்கார இடம், சன்னலுக்கு வெளியே எவனும் நிற்கக் கூடாது! பள்ளி நேரத்திலே பட்டறையில் ஒரு பிள்ளையைக் கண்டால், 1098 என்ற எண்ணைச் சுழற்றுங்கள்.

பம்பரத்துக்கு ஒரு குணம் உண்டு. கையிலே வைத்துக்கொண்டு பார்த்தால் அது வெறும் மரம்; சாட்டையைச் சுற்றித் தரையிலே வீசினால்தான் நிற்கும். நினைவும் அப்படித்தான். சாட்டையை எடுங்கள், தோழர்களே!